பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை; பேச்சுப் பயிற்சியால் பலன் உண்டா?

உண்டு. பக்கவாதம் வந்து நான்கு மாதமாகிறது, கைகால் தேறிவிட்டது, பேச்சு மட்டும் ஓரிரு சொல்லோடு நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முழுவதும் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இப்போது கைவிட்டுவிடாதீர்கள். முதல் சில மாதங்களில் வேகமாகத் தேறும். அதன்பின் மெதுவாக, ஆண்டுக்கணக்கில்கூட முன்னேற்றம் வரும்.

எங்கள் ஊர் குளச்சலை அடுத்த கடற்கரை. என் அம்மா தலைச்சுமையாக மீன் விற்றவர். பக்கவாதத்துக்குப் பிறகு சாளையைக் காட்டினால் அயிலை என்பார். தவறு என்று அவருக்கே தெரியும், முகம் சுருங்கிவிடும். மாலையில் ஜெபமாலை தொடங்கினால் 'அருள் நிறைந்த மரியே' தடையில்லாமல் வரும், பேத்தியின் பெயர் வராது. இதைப் பார்த்துவிட்டு அம்மா நடிக்கிறார் என்று சொன்ன உறவினர்கள் உண்டு. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. இந்த நோயின் இயல்பே அப்படித்தான்: மனப்பாடமான ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு மூன்று என்ற எண்வரிசை எல்லாம் பலருக்குத் தப்பி நிற்கும், நினைத்ததைச் சொல்லும் சொல்தான் அகப்படாது.

மருத்துவர்கள் இதை அஃபேசியா என்பார்கள். பெரும்பாலும் மூளையின் இடது பாதி பாதிக்கப்படுவதால் வருவது. 1861இல் பாரிசில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளி ஒருவருக்கு 'டான்' என்ற ஒலி மட்டுமே வந்தது; ஆனால் பிறர் பேசியது பெருமளவு புரிந்தது. உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு புரிகிறது என்பதைப் பயிற்சியாளரிடம் முதலில் கேளுங்கள். சிலருக்குக் கேட்டுப் புரிந்துகொள்வதும், வாசிப்பதும் எழுதுவதும்கூடப் பாதிக்கப்படும். சொல் சரியாக இருந்து உச்சரிப்பு மட்டும் குழறினால் அது வேறு கோளாறு, பயிற்சியும் வேறு.

அம்மாவின் பயிற்சியாளர் படப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு மீனையே எடுத்தார். முள் அதிகமா, எந்த வலையில் படும், அவிப்பதா பொரிப்பதா என்று சுற்றிவரக் கேட்பார். பெயர் தானாக வந்து விழும். 'தண்ணீர் வேண்டும்' என்பதை ராகமாக இழுத்து, இடது கையால் தாளம் தட்டிச் சொல்ல வைப்பார். உங்கள் அப்பாவின் தொழில் எதுவோ அதிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்வது இன்னும் முக்கியம். டிவியை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து, சிறு வாக்கியமாகப் பேசுங்கள். பதிலுக்குப் பொறுத்திருங்கள், சொல்லைப் பறித்து நீங்களே முடிக்காதீர்கள். சைகை, படம் எதுவானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். குழந்தையிடம் பேசுவதுபோல் மட்டும் பேசவே வேண்டாம். நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்வார்கள்; பாதிப்பு நாக்கில் இல்லை, விழுங்குவதில் சிரமம் இருந்தால் புரையேறும் ஆபத்தும் உண்டு.

நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது; அங்கே போனால் தமிழில் பயிற்சி தர முடியுமா என்று கேளுங்கள், ஏனென்றால் வீட்டில் பேசும் மொழியில்தான் பயிற்சி வேண்டும். குறை நிரந்தரமாக நின்றுவிட்டால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அஃபேசியாவால் வரும் பேச்சு, மொழிக் குறைபாடும் அடங்கும், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.