ஒன்பது தீவுகளும் ஒரு வாரமும்: பாய்மரப் படகுப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: வரும் ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு குடும்பங்களாக, ஐந்து பெரியவர்களும் 6, 9, 12 வயதுள்ள மூன்று குழந்தைகளுமாக, கிரேக்க நாட்டில் ஒரு பாய்மரப் படகை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகச் சுற்றிவர விரும்புகிறோம். ஏதென்ஸில் புறப்பட்டு கேயா, கித்னோஸ், சிரோஸ், மைக்கோனோஸ், பாரோஸ், நக்ஸோஸ், ஈயோஸ், சாண்டோரினி, மீலோஸ் ஆகிய ஒன்பது தீவுகளையும் பார்த்துத் திரும்புவதாகத் திட்டம். என் கணவர் ஏரியில் படகோட்டப் பழகித் தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றிருக்கிறார். அது போதுமா, தனியாக ஒரு கேப்டன் வேண்டுமா? எந்த வகைப் படகு நல்லது? திட்டத்தில் மாற்ற வேண்டியது ஏதேனும் உண்டா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதைப் பொறுத்தே அமையும். இந்தத் திட்டத்தை ஒரு வாரத்தில் நிறைவேற்ற முடியாது. முயன்றால் குழந்தைகளுக்குத் தீவுகளைவிடக் கடலின் மீதான அச்சமே அதிகம் நினைவிருக்கும். மத்தியதரைக் கடலில் படகு வாடகை பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்று கணக்கிடப்படுகிறது. முதல் சனிக்கிழமை மாலைதான் படகு உங்கள் கைக்கு வரும். பொருள்களை ஏற்றி, படகைச் சரிபார்த்து முடிப்பதற்குள் இருட்டிவிடும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் படகைப் புறப்பட்ட துறைக்கே கொண்டுவந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் இறங்கிவிட வேண்டும். ஆக, ஏழு நாளுக்குப் பணம் கட்டினாலும் கடலில் ஓட்டக் கிடைப்பவை ஆறு பகல்களே.

அந்த ஆறு பகல்களையும் காற்று உங்களுக்கு விட்டுத்தரும் என்று சொல்வதற்கில்லை. ஈஜியன் கடலில் கோடைக்காலத்தில் மெல்டெமி என்றொரு வடக்குக் காற்று வீசுகிறது. பால்கன் பகுதியின் மேல் நிற்கும் உயர் அழுத்தத்துக்கும் துருக்கியின் மேல் உருவாகும் தாழ்வழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாட்டால் பிறக்கும் இந்தக் காற்று, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் உச்சத்தில் இருக்கும். காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் 5, 6 என்பது அங்கே வழக்கமானது; 7, 8 வரை ஏறுவதும் உண்டு. அளவு 6 என்றால் மணிக்கு ஏறக்குறைய 40 முதல் 50 கிலோமீட்டர் வேகம். வானில் ஒரு மேகமும் இல்லாமல் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே இது தொடங்கி, சில நாள்கள் விடாமல் வீசும். வானத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் அங்கே உதவாது, ஒவ்வொரு காலையும் மாலையும் வானிலை அறிவிப்பைப் பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் பட்டியலிட்டுள்ள சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டம் இந்தக் காற்றின் பாதையில் நேராகக் கிடக்கிறது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏதென்ஸிலிருந்து தெற்கு நோக்கிப் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், அலையும் கூடவே வரும், படகு மகிழ்ச்சியாக ஓடும். இரண்டு நாளில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று இன்னும் கீழே போகத் தோன்றும். திரும்பும் வழியில் அதே காற்று முகத்தில் அடிக்கும். பாய்மரப் படகால் காற்றுக்கு நேர் எதிரே செல்ல முடியாது. ஏறக்குறைய 45 பாகை சாய்வில் ஒரு முறை இடமாகவும் ஒரு முறை வலமாகவும் மாறி மாறி ஓடித்தான் முன்னேற வேண்டும். அதனால் தூரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. சாண்டோரினியிலிருந்து ஏதென்ஸுக்கு நேர்வழியே 120 கடல் மைலுக்கு மேல் (ஒரு கடல் மைல் ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்). காற்று நேரெதிரே நின்றால் அது 170 ஆகிவிடும். வாடகைப் படகுகள் மணிக்கு 5 அல்லது 6 கடல் மைல் ஓடும், எதிர் அலையில் அதுவும் குறையும். மணிக்கு 5 என்றே வைத்துக்கொண்டாலும் 34 மணி நேரம் ஓட்ட வேண்டும், அதுவும் படகின் முன்முனையான அணியம் ஒவ்வொரு அலையிலும் ஏறி விழுந்துகொண்டிருக்கும்போது. இயந்திரத்தைப் போட்டு நேரே வந்துவிடலாமே என்று கேட்கலாம். அந்த அலைக்கு எதிராக இயந்திரத்தில் வருவது பாயில் வருவதைவிடக் கடுமையாகவே இருக்கும்.

ஆகவே, திரும்பும் வழியை முதலில் திட்டமிடுங்கள், போகும் வழி அதற்குள் அடங்கட்டும். ஒரு நாளைக்கு 15 முதல் 20 கடல் மைல், அதாவது மூன்று நான்கு மணி நேர ஓட்டம், குழந்தைகளோடு செல்பவர்களுக்குப் போதும். ஆறு பகல்களில் ஒன்றைக் காற்றுக்காக ஒதுக்கிவையுங்கள். வியாழக்கிழமை இரவு, துறைக்கு அரை நாள் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் பார்த்தால், ஆகஸ்டில் உங்களுக்குப் பொருத்தமானது சைக்ளேட்ஸ் அல்ல, ஏதென்ஸுக்குத் தென்மேற்கே உள்ள சரோனிக் வளைகுடா என்பதே என் துணிபு. இரு பக்கமும் நிலம் அணைத்திருப்பதால் மெல்டெமியின் வேகம் அங்கே பெருமளவு தணிந்துவிடும். ஏஜினா, போரோஸ், ஹைட்ரா ஆகிய தீவுகள் ஒன்றுக்கொன்று அரை நாள் தூரத்தில்தான் இருக்கின்றன. ஏஜினாவில் அஃபாயா தேவியின் பழங்கோயில் தூண்களோடு நிற்கிறது. போரோஸுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஒரு குறுகிய கால்வாய்தான். அதனுள் படகு நுழையும்போது குழந்தைகளை அணியத்தில் உட்கார வையுங்கள், அவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். ஹைட்ராவில் கார், மோட்டார் சைக்கிள் எதற்கும் அனுமதி கிடையாது. ஆனால் அதன் துறைமுகம் மிகச் சிறியது, கோடையில் பகல் இரண்டு மணிக்கே நிரம்பிவிடும். அங்கே போவதானால் காலையிலேயே போய்ச் சேருங்கள், அல்லது பக்கத்து விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சிவிட்டு மோட்டார் தோணியில் சென்று பாருங்கள். சாண்டோரினியைப் பார்க்காமல் மனம் ஆறாது என்றால், படகுப் பயணம் முடிந்தபின் பயணிகள் கப்பலில் போய்வாருங்கள். எரிமலை வெடித்து உருவான அந்தப் பள்ளத்தில் கடல் பல நூறு மீட்டர் ஆழம். பாய்மரப் படகுகள் நங்கூரம் போட்டுத் தங்குவதற்கு அங்கே அநேகமாக இடமே இல்லை.

சைக்ளேட்ஸ்தான் வேண்டும் என்று எல்லோரும் உறுதியாக இருந்தால், பயணத்தைச் செப்டம்பர் பிற்பாதிக்குத் தள்ளுங்கள். காற்று தணியத் தொடங்கியிருக்கும், கடல்நீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அப்போதும் ஏதென்ஸைவிட, ஏதென்ஸ் அமைந்துள்ள அட்டிக்கா பகுதியின் தென்கிழக்கு முனைக்கு அருகிலுள்ள லாவ்ரியோவிலிருந்து புறப்படுவதே நல்லது. கேயா அங்கிருந்து மிக அருகில். கேயா, கித்னோஸ், காற்று இடங்கொடுத்தால் சிரோஸ் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கித்னோஸில் கொலோனா என்றொரு மணல்திட்டு, இரு பக்கமும் கடலோடு, ஒரு சிறு தீவை இணைத்துக் கிடக்கிறது. அங்கே ஒரு முழு நாள் தங்கலாம்.

இனி கேப்டன். தயவுசெய்து ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். கேப்டன் இல்லாமல் படகெடுக்கக் கிரேக்கத்தில் ஏற்கப்படும் சான்றிதழ் ஓட்டுபவரிடம் இருக்க வேண்டும். அவருக்குத் துணையாகப் படகு தெரிந்த இன்னொருவரும் வேண்டும். உங்கள் கணவரின் தொடக்கநிலைச் சான்றிதழ் ஏற்கப்படாமல் போகவே வாய்ப்பு அதிகம். சட்டம் ஒருபுறம் இருக்க, ஏரியில் கற்றவருக்குப் புதிதாக இருக்கப்போவது கடலைக் காட்டிலும் துறைமுகம்தான். அங்கே படகை அணைகரையோடு பக்கவாட்டில் கட்டுவதில்லை. சற்றுத் தொலைவில் நங்கூரத்தைப் பாய்ச்சி, பின்னோக்கி ஓட்டிவந்து, பின்புறத்தை இரண்டு கயிறுகளால் கரையில் கட்ட வேண்டும். பக்கக்காற்றில், இரு பக்கமும் பிறர் படகுகள் இருக்க, கரையில் பலர் பார்த்திருக்க, அதை முதல் முறையாகச் செய்வது எளிதல்ல. கேப்டனிடம் முன்பே சொல்லிவிட்டால், உங்கள் கணவருக்குச் சுக்கானைக் கொடுத்துப் பழக்குவார். அடுத்த பயணத்துக்கு அது பெரிய முதலீடு.

கேப்டனுக்கு ஒரு படுக்கையும் உணவும் நீங்கள் தர வேண்டும் என்பதால் கணக்கு ஒன்பது பேராகிறது. குழந்தைகளும் தலைக்கணக்கில் சேர்வார்கள். படகின் ஆவணத்தில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்ற முடியாது. இவ்வளவு பேருக்கு, 42 முதல் 45 அடி நீளமுள்ள கேட்டமரனையே, அதாவது இரட்டை உடற்படகையே, பரிந்துரைப்பேன். ஒற்றை உடற்படகு காற்றில் சாய்ந்து ஓடும். அந்தச் சாய்வில்தான் பாய்மரப் பயணத்தின் இன்பமே இருக்கிறது என்பவர்களின் பக்கம் நானும் நிற்கிறேன். ஆனால் ஆறு வயதுக் குழந்தை படியிறங்கும்போது தளம் சமமாக இருப்பது அதைவிட முக்கியம். கேட்டமரனுக்கு வாடகையும் துறைமுகக் கட்டணமும் அதிகம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நன்னீர் 600 லிட்டர் இருந்தாலும், ஆளுக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் என்றால் ஒன்பது பேருக்கு இரண்டு நாளில் தீர்ந்துவிடும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் பிடிக்கும் துறையில் தங்குவதாக வழியை அமையுங்கள். துணிகளை மடிக்கக்கூடிய பைகளில் கொண்டுசெல்லுங்கள், சக்கரம் வைத்த பெட்டிகளை வைக்கப் படகில் இடமிருக்காது. குமட்டல் மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும்; குழந்தைகளுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படகு ஓடும்போது மூவரும் உயிர்காப்பு அங்கி அணிந்தே மேல்தளத்துக்கு வர வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர்களுடைய எடையை முன்பே எழுதி அனுப்பி, அந்த அளவு அங்கிகளைக் கேட்டு வாங்குங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் பெற வேண்டியவை சில உண்டு. பிணைத்தொகை எவ்வளவு, கேப்டன் கையால் சேதம் நேர்ந்தால் அது யார் தலையில் விழும், கடுங்காற்றால் ஒரு நாள் துறையிலேயே நிற்க நேர்ந்தால் என்ன ஏற்பாடு, எரிபொருளும் இறுதித் துப்புரவும் வாடகையில் அடங்குமா என்று கேளுங்கள். படகைக் கையேற்கும் மாலையில் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அவசரப்படாமல், நங்கூர மோட்டாரை ஒரு முறை இயக்கி, பாய்களை விரித்து, ரப்பர் தோணியின் மோட்டாரைத் தொடக்கிப் பார்த்து, படகின் உடலில் ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு கீறலையும் படமெடுத்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். ஆகஸ்டுக்கான நல்ல கேட்டமரன்கள் குளிர்காலத்திலேயே முன்பதிவாகிவிடுகின்றன. எனவே எந்தக் கடல் என்பதை இரு குடும்பங்களும் கூடிப் பேசி இந்த மாதத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள்.