பிரஷர் இறங்கினாலும் ஆபத்தா?

கேள்வி: அப்பாவுக்கு இரண்டு மாதத்துக்கு முன் கிளாகோமா (கண் அழுத்த நோய்) ஆபரேஷன் நடந்தது. இப்போது கண் பிரஷர் 4தான் இருக்கிறது. பார்வை மங்கி, நேர்கோடுகள் நெளிந்து தெரிகின்றன என்கிறார். லேசர் வைக்கலாம் என்கிறார் டாக்டர். பிரஷரைக் குறைக்கத்தானே லேசர்? அதை வைத்தே ஏற்றவும் முடியுமா?

பதில்: முடியும், லேசரை எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் பிரஷர் இறங்காவிட்டால், உள்ளே போட்ட தையலை ஆர்கான் லேசரால் அறுத்து, கண்ணுக்குள் இருக்கும் நீரை வடிய விடுவோம். உங்கள் அப்பாவுக்கு நிலைமை தலைகீழ். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய பிரஷர் இவ்வளவு இறங்கிவிட்டால் கண் காற்றுப் போன பந்து மாதிரி தளர்ந்து, விழித்திரையின் நடுப்பகுதியில் மடிப்பு விழும், அவருக்குக் கோடுகள் நெளிவது பெரும்பாலும் அதனால்தான்.

முதலில் தெரிய வேண்டியது, நீர் எந்த வழியாகப் போகிறது என்பது. நீர் வடிவதற்காக ஆபரேஷனில் மேல் இமைக்கு அடியில் உண்டாக்கிய கொப்புளம் கசியலாம், அல்லது அளவுக்கு மீறி வடிக்கலாம். சிலருக்கு கண்ணுக்குள்ளேயே நீர் சுரக்கும் பகுதி வெள்ளை விழியிலிருந்து பிரிந்து ஒரு இடுக்கு விழுந்திருக்கும். லேசர் நன்றாக உதவுவது இந்தச் சின்ன இடுக்குக்குத்தான்: லென்ஸ் வைத்துப் பார்த்து, இடுக்கின் உள்ளே சூடு வைப்பார்கள், அந்தப் புண் ஆறும்போது இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். கூடவே, கண்ணுக்குள் இருக்கும் தசையைத் தளர்த்தும் அட்ரோபின் சொட்டு மருந்து. ஒரே தடவையில் மூடாமல் மறுபடி வைக்க வேண்டி வரலாம், பெரிய இடுக்கு என்றால் தையல்தான் வழி. கொப்புளத்தின் மேலேயும் லேசர் வைப்பதுண்டு, ஆனால் அதன் பலன் அவ்வளவு நிச்சயமில்லை என்பதால் அங்கே தையலையே நான் அதிகம் நம்புவேன். அதனால் டாக்டரிடம் "நீர் எங்கே போகிறது, எந்த இடத்தில் லேசர் வைக்கப் போகிறீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் இன்னொன்று, இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். இடுக்கு மூடிக்கொள்ளும்போது பிரஷர் திடீரென்று எகிறலாம். கடுமையான கண்வலி, தலைவலி, வாந்தி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், அது மருந்தில் அடங்கக்கூடியதுதான். ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தால் குறைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். பிரஷரை இப்படியே மாதக்கணக்கில் விட்டால் மடிப்பு நிரந்தரமாகிவிடலாம், சீக்கிரம் சரிசெய்தால் பார்வை நன்றாகத் தேறுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வாரமே அழைத்துப் போங்கள்.