சாவி எந்த ஆணியில் தொங்குகிறது?

கேள்வி: வீடு, மனை விற்றுக் கொடுப்பதும் வாடகைக்கு முடித்துக் கொடுப்பதும் என் தொழில். 11 ஆண்டுகளாகச் செய்கிறேன். கையில் 40 வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. தனி அலுவலகம் கிடையாது, வீட்டின் முன்னறைதான். கடந்த ஓராண்டில் இணையம் வழியாக வேலை செய்யும் மெய்நிகர் உதவியாளர்கள் இருவரை வைத்துப் பார்த்தேன். ஒருவர் 7 வாரம், இன்னொருவர் 5 வாரம். இருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, எல்லாவற்றுக்கும் என்னையே கேட்டார்கள். என் மனைவி சும்மா கூடமாட உதவுவாள். போன் வந்தால் நோட்டில் குறித்து வைப்பாள். எந்தச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் அவள் தன் அம்மாவின் ஆபரேஷனுக்காக 9 நாள் போயிருந்தாள். சாவி விஷயமாக ஆஸ்பத்திரிக்கே பத்து தடவை போன் போட வேண்டியதாயிற்று. அப்படியும் 4 பார்ட்டிகள் கைநழுவிப் போனார்கள். இந்த முறையாவது நல்ல ஆளாக எடுக்க வேண்டும். எங்கே தேடுவது, என்ன கேட்பது, எத்தனை மணி நேரம் வேலை கொடுப்பது?

பதில்: எங்கே தேடுவது என்பதைப் பிறகு பார்ப்போம், அதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. "ஆள் சரியில்லை" என்று வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஆள் சரியாகத்தான் இருந்திருப்பார். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் குத்தியது வேறு. "சும்மா கூடமாட உதவுவாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் "சும்மா".

சும்மா உதவுகிற ஒருவர் 9 நாள் இல்லாமல் போனால் எந்தத் தொழிலிலும் 4 பார்ட்டிகள் கைநழுவ மாட்டார்கள், சகோதரரே. தொழிலை நடத்துகிறவர் இல்லாமல் போனால்தான் அப்படி நடக்கும். 40 வீடுகளின் சாவி, எந்த உரிமையாளர் மதியம் தூங்குவார், எந்த வாடகைதாரர் முன்கூட்டிச் சொல்லாமல் வந்தால் கதவைத் திறக்க மாட்டார், யார் ஏற்கெனவே மூன்று வீடு பார்த்துவிட்டு நான்காவதற்குக் கேட்கிறார் என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளும் அவர் நோட்டிலும் இருக்கிறது. நீங்கள் வைத்த இருவரிடமும் பாஸ்வேர்டைக் கொடுத்தீர்கள். இந்த விவரங்களைக் கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் அவை உங்களிடமே இல்லை. "எல்லாவற்றுக்கும் என்னையே கேட்டார்கள்" என்பது உங்கள் புகார். உங்களைக் கேட்டதுதான் அவர்கள் செய்த தப்பு, உங்கள் மனைவியைக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தாயை ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பத்து தடவை போன் போட்டுச் சாவி எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனதாகக் கடிதத்தில் இல்லை. ஆபரேஷன் எப்படி முடிந்தது என்றும் இல்லை. கைநழுவிய பார்ட்டிகளின் எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கிறது. மாமியாரும் அம்மாதான். அந்த 9 நாளில் 2 நாள் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தால் தொழில் மூழ்கியிருக்காது. இப்போது வெளியாளுக்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள். அதே வேலையை 11 ஆண்டுகளாகச் செய்தவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்பம் என்றால் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் கொடுக்கும் கை ஒரே கையாக இருந்தால் அதற்கு வேறு பெயர்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை அந்த ஆணிகள். ஆள் தேவை என்று விளம்பரம் போடுவதற்கு முன் இதை முடியுங்கள். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு எண் கொடுத்து வில்லை மாட்டுங்கள்: 1, 2, 3 என்று வெறும் எண். வில்லையில் வீட்டு முகவரியை எழுதவே கூடாது. சாவி தொலைந்தால் எடுத்தவன் நேராக அந்த வீட்டுக்குப் போய்விடுவான். எந்த எண் எந்த வீடு என்பது ஒரு கூகுள் ஷீட்டில் மட்டும் இருக்கட்டும். அதே ஷீட்டில் இன்னும் நான்கு கட்டம்: யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எப்போது திரும்பியது, மாற்றுச் சாவி யாரிடம். கொத்தில் எத்தனை சாவி என்பதையும் குறியுங்கள், ஏனென்றால் வாசல் சாவி திரும்பி மாடிச் சாவி திரும்பாத கதை இந்தத் தொழிலில் சகஜம். இது தயாரானால் எங்கோ உட்கார்ந்திருக்கும் உதவியாளர், "நாளை 11 மணிக்கு சைட் விசிட், 17-ஆம் எண் சாவி, நேற்று எடுத்தது இன்னும் திரும்பவில்லை" என்று உங்களுக்குச் செய்தி அனுப்புவார். ஆணியைப் பார்க்காமலேயே.

இரண்டாவது, அந்த நோட்டு. 10 வேலை நாளுக்கு நீங்களும் மனைவியும் தனித்தனியாக, செய்கிற ஒவ்வொரு வேலையையும் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். எழுதுவதற்கு அவரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் நழுவ வேண்டாம். பத்தாம் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்து மூன்றாகப் பிரியுங்கள். நேரில் போனால்தான் நடக்கும் வேலை: வீடு காட்டுவது, சாவி கொடுப்பது, மின்மீட்டர் பார்ப்பது. உங்கள் வாயும் பொறுப்பும் தேவைப்படும் வேலை: விலை பேசுவது, முன்பணம் வாங்குவது, பத்திரத்தைப் பற்றி உறுதி சொல்வது. மீதி எல்லாம் தொலைவிலிருந்து செய்யலாம்: முதல் விசாரணைக்குப் பதில், ஃபாலோ-அப் (விசாரித்தவரை மறுபடி அழைப்பது), படங்களை வரிசைப்படுத்தி லிஸ்டிங் (இணையத்தில் வீட்டு விளம்பரம்) போடுவது, முடிந்துபோன லிஸ்டிங்கை இறக்குவது, நாள்காட்டி, ஆவணப் பட்டியலில் எது வந்தது எது வரவில்லை என்று துரத்துவது, வாடகை ஒப்பந்தம் முடியும் தேதியை 60 நாள் முன்பே நினைவூட்டுவது. இரண்டாம் வகையில் இருக்கும் எதையும் உதவியாளர் தலையில் கட்டாதீர்கள். இடைத்தரகருக்கு உரிமம் கட்டாயமான இடங்களில், உரிமம் இல்லாத உதவியாளர் விலை பேசினால் மாட்டிக்கொள்வது நீங்கள்.

விசாரணை ஷீட் வேறு. தேதி, பெயர், எண், வாங்கவா வாடகைக்கா, எவ்வளவு வரை, எத்தனை அறை, எப்போது குடிபோக வேண்டும், எங்கே பார்த்து அழைத்தார், அடுத்து அழைக்க வேண்டிய தேதி. இதில் கடைசிக் கட்டம்தான் உயிர். மற்ற எது காலியாக இருந்தாலும் பொறுக்கலாம், அது காலியாக இருக்கக் கூடாது. பார்ட்டி "யோசித்துச் சொல்கிறேன்" என்றால் அங்கே ஒரு தேதி, "அடுத்த வருஷம்தான்" என்றால் அடுத்த வருஷத் தேதி. உங்கள் 4 பேரும் அந்தக் கட்டம் இல்லாததால் போனவர்கள். உங்கள் மனைவி அதைத் தலையிலேயே வைத்திருந்தார்.

இப்போது ஆள். ஏஜென்சி வழியாக எடுத்தால் விலை கூடும், ஆனால் ஒருவர் போனால் இன்னொருவரைத் தருவார்கள். நேரடியாக எடுத்தால் மலிவு, தேடுவதும் சோதிப்பதும் உங்கள் பாடு. ஏற்கெனவே இருவரை இழந்த நீங்கள் எதை எடுத்தாலும் ஆரம்பத்தில் வாரம் 10 மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். 40 மணி நேரத்துக்கு எடுத்துவிட்டு 8 மணி நேர வேலை மட்டும் கொடுத்தால் மீதி நேரத்தில் அவர் வேறு வேலை தேடுவார். வேறு நேர மண்டலத்தில் இருப்பவர் என்றால், உங்களுக்கு விசாரணை அதிகம் வரும் நேரத்தில் குறைந்தது 3 மணி நேரமாவது அவர் விழித்திருக்க வேண்டும்.

நேர்காணலில் "உங்கள் பலம் என்ன" என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கடைசியாகத் தேறும் இருவருக்கு ஆளுக்கு 4 மணி நேர வேலை கொடுங்கள், அதற்குக் கூலியும் கொடுங்கள். இலவசச் சோதனை வாங்குகிற முதலாளியிடம் நல்ல ஆள் தங்குவதில்லை. ஒழுங்கில்லாத 10 விசாரணைச் செய்திகளைப் பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டு அனுப்பி, ஷீட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அதில் ஒரே ஆள் இரண்டு எண்ணிலிருந்து கேட்டது ஒன்று இருக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு சைட் விசிட் கேட்டது ஒன்று இருக்கட்டும். கூடவே ஒரு லிஸ்டிங் விவரத்தில் 1,200 சதுர அடி என்றும் 120 சதுர மீட்டர் என்றும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். 1,200 சதுர அடி என்பது சுமார் 111.5 சதுர மீட்டர்தான். அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு இதைக் கவனிக்காதவரை விடுங்கள். "இந்த இரண்டில் எது சரி?" என்று நடுவில் கேட்கிறவரை எடுங்கள். கேள்வி கேட்கிற ஆள் உங்களுக்குத் தொல்லை என்று நினைத்தீர்கள் பாருங்கள், கேட்காமல் தானாக நிரப்புகிற ஆள்தான் உங்களை வழக்கில் நிறுத்துவார்.

சாவியைப் போலத்தான் பாஸ்வேர்டும். உங்கள் மின்னஞ்சலைத் திறந்து கொடுக்காதீர்கள். தொழில் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி அதை அவருக்குக் கொடுங்கள், அதன் மீட்பு எண் (பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் போன் எண்) உங்களுடையதாக இருக்கட்டும். அவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து உருவாக்கும் கூகுள் கோப்புக்கு அவரே உரிமையாளர். அவர் போகிற அன்று உங்கள் விசாரணைப் பட்டியலும் கூடப் போகும். மற்ற பாஸ்வேர்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜர் வழியாகப் பகிருங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். வாட்ஸ்அப்புக்குத் தொழில் எண் தனியாக வேண்டும். ஒரு எண்ணோடு போன் போக 4 சாதனங்கள் வரை இணைக்கலாம். வசதிதான், ஆனால் சொந்த எண்ணை இணைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் மனைவி அனுப்பும் செய்தியையும் அவர் படிப்பார்.

பண விஷயத்தில் ஒரே விதி போதும், எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: வங்கிக் கணக்கு எண்ணை உதவியாளர் யாருக்கும் அனுப்பக் கூடாது, யார் அனுப்பினாலும் ஏற்கக் கூடாது. "கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று உரிமையாளர் பெயரிலோ வக்கீல் பெயரிலோ வரும் மின்னஞ்சல் இந்தத் தொழிலைக் குறிவைத்து நடக்கும் பழைய மோசடி. முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேட்காமல் எந்தக் கணக்கு எண்ணும் மாறக் கூடாது. அந்த மின்னஞ்சலிலேயே இருக்கும் எண்ணுக்கு அழைத்தால் மோசடிக்காரரே "ஆமாம்" என்பார். வாடிக்கையாளரின் அடையாள அட்டை நகல்களும் பொதுக் கோப்புறையில் கிடக்க வேண்டாம்.

முதல் மாதம் அவசரப்படாதீர்கள். முதல் வாரம் விசாரணை ஷீட் மட்டும். அது பிழையில்லாமல் ஓடினால் இரண்டாம் வாரம் நாள்காட்டி, பிறகு லிஸ்டிங், நான்காவது வாரம் ஃபாலோ-அப். ஒவ்வொன்றையும் திரையில் செய்து காட்டி 5 நிமிடத்துக்குள் பதிவு செய்து அனுப்புங்கள். அதைப் பார்த்துச் செய்முறையை அவரே எழுதட்டும், நீங்கள் திருத்துங்கள். அவர் எழுதினால்தான் எது புரியவில்லை என்று தெரியும். அடுத்து வருகிற ஆளுக்கும் அந்தத் தாள் உதவும். மாலையில் மூன்று வரி வேண்டும்: எது முடிந்தது, எது சிக்கியிருக்கிறது, நாளை என்ன. "சிக்கியிருக்கிறது" என்ற வரி தினமும் காலியாக வந்தால் சந்தேகப்படுங்கள். சம்பளத்தை ஒரு தேதி சொல்லி அந்தத் தேதியில் போடுங்கள், முகம் பார்க்காத ஆளுக்கு உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை அந்தத் தேதி ஒன்றுதான்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் உங்கள் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், போன் இரண்டையும் அணைத்துவிட்டு. "வருகிறவருக்கு மேலே இருந்து வேலை வாங்க உனக்கு இஷ்டமா, இல்லை இதிலிருந்து முழுக்க விலக இஷ்டமா?" வேலை வாங்க இஷ்டம் என்றால் அவர் பெயரில் ஒரு மாதச் சம்பளம், அவர் கணக்கில், உதவியாளருக்குப் போடும் அதே தேதியில். நியமிக்கவும் நீக்கவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். வெறும் பெயருக்குக் கொடுத்துவிட்டு முடிவை நீங்கள் எடுப்பதென்றால் கேட்கவே கேட்காதீர்கள். விலகுகிறேன் என்றால் அந்தக் கையளிப்புக்கு 4 வாரம், அதுவும் கூலியோடு. அதன் பிறகு சாவிக்காக அவரைக் கூப்பிடக் கூடாது, அவர் பக்கத்து அறையிலேயே இருந்தாலும். அந்த நோட்டுகளை அலமாரியிலிருந்து நீங்களாக எடுக்காதீர்கள். அவரிடம் கேட்டு, அவர் கையால் வாங்குங்கள்.