ஒரு உரிமம், எத்தனை கணினிகள்?

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் என்னுடையதுதானே? வீட்டிலுள்ள மூன்று கணினிகளிலும் ஏன் நிறுவக் கூடாது?

பதில்: நீங்கள் வாங்கியது பயன்படுத்தும் உரிமத்தை. அது எத்தனை கணினிகளுக்குச் செல்லும் என்பது ஒவ்வொரு மென்பொருளுக்கும் வேறுபடும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2010இன் 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்' பதிப்பை ஒரே வீட்டில் மூன்று கணினிகளில் நிறுவ முடிந்தது. 2013 பதிப்பில் அது ஒன்றாகச் சுருங்கியது. அந்தக் கணினி பழையதாகிப்போனாலும் வேறொன்றுக்கு மாற்ற முடியாது என்றார்கள். அது அநியாயம். வாங்கியவர்கள் கொதித்தெழுந்தது நியாயம்தான். அந்த ஆண்டு மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் விதியைத் தளர்த்தியது. உரிமத்தில் எழுதியிருப்பதெல்லாம் நீதி என்று நான் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் எதிர்த்துக் கேளுங்கள், அல்லது வாங்காதீர்கள். ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டு மறைவாக மீறாதீர்கள்.

கேள்வி: மடிக்கணினியோடு வந்த விண்டோஸைப் புதிய கணினிக்கு மாற்றலாமா?

பதில்: கூடாது, அது அந்த இயந்திரத்தோடு பிணைந்தது. கடையில் தனியாக வாங்கியதென்றால், பழையதிலிருந்து நீக்கிவிட்டு மாற்றலாம்.

கேள்வி: பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுத்து வைப்பது குற்றமா?

பதில்: இல்லை. முறையாக வாங்கியவர் இழப்புக்கு அஞ்சி நகல் எடுத்துவைக்க, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் இடம் தருகிறது.

கேள்வி: கணக்கெழுதும் அலுவலகம் நடத்துகிறேன். டாலி என்னும் கணக்கு மென்பொருளுக்கு ஒரு 'சில்வர்' உரிமம் இருக்கிறது. மற்ற மூன்று கணினிகளுக்கும் பூட்டு உடைத்த பதிப்பைப் போட்டுத் தருவதாகக் கணினி பழுதுபார்ப்பவர் சொல்கிறார்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். சில்வர் ஒரு கணினிக்கு உரியது. ஒரே வலையமைப்பில் பலர் வேலை செய்யத்தான் டாலியின் 'கோல்டு' உரிமம் இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே தொழிலில் பயன்படுத்தினால், அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டத்தை விடவும் என்னை உறுத்துவது வேறு. வாடிக்கையாளரின் வரவு செலவெல்லாம் உங்களை நம்பி வந்தவை. பூட்டை உடைத்தவர் உள்ளே வேறென்ன வைத்தார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர்களுடைய கணக்கை அதில் ஏற்ற உங்களுக்கு என்ன உரிமை?

கேள்வி: நான் மாணவி. விலை கொடுக்க வழியில்லை. தோழியின் உரிம எண்ணைப் பயன்படுத்துகிறேன்.

பதில்: உங்களைத் திருடி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவசியமும் இல்லையே! ஆவணங்கள் எழுத லிப்ரே ஆபீஸ், படங்களைத் திருத்த கிம்ப், படம் வரைய இங்க்ஸ்கேப் ஆகியவற்றை நூறு கணினிகளில் நிறுவினாலும் யாரும் தடுக்கமாட்டார்கள். பகிரவே எழுதப்பட்டவை அவை.

கேள்வி: அச்சக வேலைக்கு நண்பரிடமிருந்து தமிழ் எழுத்துருக்களை நகலெடுத்தேன். எழுத்துருவும் மென்பொருளா?

பதில்: ஆம். ஒவ்வொரு வளைவையும் பல மாதம் செதுக்கியவர் ஒருவர் இருக்கிறார். தமிழுக்குச் சந்தை சிறியது. பத்து அச்சகங்கள் ஒரே நகலைச் சுற்றவிட்டால் அடுத்த எழுத்துருவை அவர் எதை நம்பி வரைவார்? நோட்டோ தமிழ், முக்தா மலர், கேட்டமரன் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. புத்தகம் அச்சிடவும் தடையில்லை. நகலெடுத்தவற்றில் உங்களுக்கு விட முடியாதது எதுவோ, அதை மட்டும் விலை கொடுத்து வாங்குங்கள்.