புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

உப்புநீர்த் தொட்டி: கேள்வி - பதில்

கேள்வி: என் 300 லிட்டர் பவளத் தொட்டியில் நீல டாங் மீனின் மேல் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. தீவனத்தில் பூண்டுச் சாறு கலந்து கொடுத்தேன், 4 நாளில் மறைந்துவிட்டன. இரண்டு வாரம் கழித்து இன்று காலை பார்த்தால் மறுபடியும், முன்பைவிட அதிகமாக. பூண்டைக் கூட்டலாமா?

பதில்: பூண்டை விட்டுவிடுங்கள். நீங்கள் ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தாலும் அதே நாலாவது நாள் புள்ளிகள் போயிருக்கும். எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு மயக்கத்தில்தான் தொடங்குகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இது கிரிப்டோகாரியான் என்ற ஒற்றைச் செல் உயிரி. மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்துகொண்டு 3 முதல் 7 நாள் வரை தின்னும். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அப்படித் தின்று கொழுத்த ஒட்டுண்ணி. வயிறு நிறைந்ததும் அதுவாகவே மீனை விட்டு இறங்கிவிடும், பெரும்பாலும் இருட்டில். இறங்கியது மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொள்கிறது. அந்த ஓட்டுக்குள் ஒன்று பலவாகப் பிரிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகளாக வெளியே வரும். அதுவும் விடிவதற்கு முன், மீன்கள் பாறை இடுக்கில் அசையாமல் தூங்கும் நேரத்தில்! ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். மூடிய கண்ணாடித் தொட்டியில் கிடைக்காமல் போக வழியே இல்லை.

ஆக, உங்கள் மீன் சுத்தமாகத் தெரிந்த அந்த இரண்டு வாரமும் நோய் மணலில் பெருகிக்கொண்டிருந்தது. நோயாளி மீன் அல்ல, தொட்டி. இன்றே ஒரு தனித் தொட்டி தயார் செய்யுங்கள். புள்ளி உள்ள டாங்கை மட்டுமல்ல, எல்லா மீனையும் அதற்கு மாற்றுங்கள். புள்ளி தெரியாத மீனுக்குச் செவுளுக்குள் இருக்கலாம், அதை நம்மால் பார்க்க முடியாது.

சிகிச்சைத் தொட்டிக்கு ஆடம்பரம் வேண்டாம். மணல் இல்லாத வெறுங்கண்ணாடி, ஹீட்டர், நல்ல காற்றோட்டம், மீன் ஒளிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள், ஏற்கெனவே பாக்டீரியா பிடித்த ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். கடைசியாகச் சொன்னதுதான் உயிர். சிகிச்சைத் தொட்டியில் சாகும் மீன்களில் பல ஒட்டுண்ணியால் சாவதில்லை, அம்மோனியாவால் சாகின்றன. என் பெரிய தொட்டியின் சம்ப்பில், அதாவது கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியில், எப்போதும் ஒரு ஸ்பாஞ்ச் ஊறிக்கொண்டே இருக்கும். உங்களிடம் அப்படி இல்லாவிட்டால் தினமும் அம்மோனியா பார்த்துத் தண்ணீர் மாற்றுங்கள். ஒன்றை மறக்காதீர்கள், நோய் கண்ட தொட்டியின் ஸ்பாஞ்சைப் போட்டால் அது மருந்து போடும் தொட்டிக்கு மட்டும்தான். பிறகு அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

கேள்வி: காப்பர் மருந்தைப் பெரிய தொட்டியிலேயே ஊற்றினால் மீனைப் பிடிக்கும் பாடு மிச்சம் அல்லவா? அளவு என்ன?

பதில்: ஊற்றாதீர்கள். பவளம், இறால், நத்தை எல்லாம் காப்பரில் செத்துப்போகும். லைவ் ராக்கும் (பாக்டீரியா குடியிருக்கும் பாறை) மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிலையாக நிற்காது.

தனித் தொட்டியில் என்றால் அளவு மருந்தின் வகையைப் பொறுத்தது. சாதாரண அயனி காப்பர் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். கீலேட் செய்த காப்பர், அதாவது வேறொரு சேர்மத்தோடு பிணைத்தது, பெரும்பாலும் 2.0 முதல் 2.5 மில்லிகிராம். ஒன்றின் கணக்கை மற்றொன்றுக்குப் போட்டால் ஒன்று நோய் போகாது, இல்லை மீன் போய்விடும். உங்கள் புட்டியின் சீட்டில் உள்ளதே முடிவு. அந்த வகைக் காப்பரை அளக்கும் டெஸ்ட் கிட்தானா என்பதையும் வாங்கும்போதே பாருங்கள்.

ஒரே நாளில் முழு அளவுக்குப் போகாமல் இரண்டு மூன்று நாளில் ஏற்றுங்கள். தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியைக் காப்பர் தொடாது. நீந்தி வரும் குஞ்சைத்தான் கொல்லும். அதனால்தான் அளவு இடையில் ஒரு நாள் இறங்கினாலும் அன்று வந்த குஞ்சுகள் தப்பி மீனுக்குள் போய்விடும், நாம் ஒன்றாம் நாளிலிருந்து எண்ண வேண்டியதுதான். நான் தொட்டிக் கண்ணாடியில் காகித டேப் ஒட்டி, காலையும் மாலையும் அளவை எழுதுவேன். 30 நாள் முழுதாக ஓட வேண்டும். ஃபில்டரில் கார்பன் போடக்கூடாது, அது மருந்தை உறிஞ்சிவிடும். அம்மோனியாவை முறிக்கும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்காதீர்கள். சில வகைக் காப்பர் அதனால் கடும் நஞ்சாக மாறும். தண்ணீர் மாற்றுங்கள், மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்து ஊற்றுங்கள்.

மாண்டரின், பஃபர் போன்ற மீன்கள் காப்பரைத் தாங்குவது கடினம். அவற்றுக்கு நான் தொட்டி மாற்றும் முறையைத்தான் சொல்வேன். 72 மணி நேரத்துக்கு ஒரு முறை, மருந்தே இல்லாமல், முழுவதும் கழுவிக் காயவைத்த வேறொரு தொட்டிக்கு மீனை மாற்ற வேண்டும். இப்படி நான்கு முறை. இறங்கிய ஒட்டுண்ணி குஞ்சு பொரிக்கும் முன் மீன் அங்கே இருக்காது. வலை, ஹீட்டர், குழாய் எல்லாம் இரண்டு செட் வேண்டும். வேலை அதிகம்தான், ஆனால் மீனுக்கு இதைவிட இதமான வைத்தியம் நான் பார்த்ததில்லை. வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய்க்கு (கீழே வருகிறது) மட்டும் இதை நம்பாதீர்கள்.

கேள்வி: மீன் இல்லாமல் 76 நாள் தொட்டியைப் போட்டு வைக்கச் சொல்கிறார்கள். குழந்தைகள் தினமும் கேட்கிறார்கள். ஒரு மாதத்தில் முடித்துக்கொள்ளலாமா?

பதில்: வெறும் தொட்டியைப் பார்ப்பது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம். நிலத்தைத் தரிசு போடுவதுபோலத்தான் இது. வெதுவெதுப்பான தண்ணீரில் பெரும்பாலான ஓடுகள் 28 நாளுக்குள் பொரித்துவிடும் என்பது உண்மை. ஆனால் 72 நாள் கழித்துப் பொரித்ததையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் சில நாள் சேர்த்துத்தான் 76. கடைசியாகப் பொரிக்கும் அந்த ஒரு ஓடு போதும், நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க.

இறால், நத்தை, பவளம் உள்ளேயே இருக்கட்டும். அவற்றின் உடலில் இது வளராது. சிறிதளவு தீவனம் போட்டு வாருங்கள், பாக்டீரியா பட்டினி கிடக்காது. குழந்தைகளுக்கு இறால் தோலுரிப்பதைக் காட்டுங்கள். என் மகள் அந்த நாட்களில்தான் நட்சத்திர மீனின் குழல் கால்களைக் கண்டுபிடித்தாள்.

கேள்வி: நேற்று வாங்கிய க்ளவுன் மீன் உடம்பெல்லாம் வெள்ளைச் சளியாக உரிகிறது, மேலே வந்து மூச்சு வாங்குகிறது. காப்பர் போடட்டுமா?

பதில்: இல்லை. நீங்கள் சொல்வது புரூக்லினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணி போலத் தெரிகிறது. காப்பர் இதற்கு வேலை செய்யாது. இது மீன் மேலேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும், அதனால் மணிக்கணக்கில் முற்றும். உடனே ஃபார்மலின் குளியல்: 37 சதவீத ஃபார்மலின் லிட்டருக்கு 0.15 மில்லி, 30 முதல் 45 நிமிடம், காற்றை நன்றாக ஓடவிட்டு, மீனை விட்டுக் கண்ணை எடுக்காமல். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். குளித்த மீன் பழைய தொட்டிக்குத் திரும்பக்கூடாது, புதிய சுத்தமான தொட்டிக்குப் போக வேண்டும். ஃபார்மலின் புற்றுநோய் வரவழைக்கும் பொருள். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

கேள்வி: ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் மூன்றே நாளில் 6 மீன்கள் போய்விட்டன. தண்ணீர் சோதனை எல்லாம் சரி. என்ன நடந்திருக்கும்?

பதில்: இதைப் படித்ததும் என் முதல் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. ஒரு மாலை பட்டர்ஃபிளை மீன் ஒன்றை வாங்கி வந்து நேராகத் தொட்டியில் விட்டேன். நன்றாகச் சாப்பிட்டது, பளபளவென்று இருந்தது. மூன்றாம் நாள் எல்லா மீனும் பம்ப்பின் வாயருகே ஓட்டத்துக்கு எதிராக நின்றுகொண்டு வேகவேகமாகச் செவுளை அடித்தன. விளையாடுகின்றன என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் காலை 9 மீன்களில் 7 அடியில் கிடந்தன. நாலு வருடம் என்னோடு இருந்த மஞ்சள் டாங்கும் அதில் ஒன்று. அந்த விளையாட்டு மூச்சுத் திணறல் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

அது வெல்வெட், அமைலூடினியம் என்ற ஒட்டுண்ணியால் வரும் நோய். உங்கள் தொட்டியிலும் அதுதான் என்று சந்தேகிக்கிறேன். முதலில் செவுளைப் பிடிக்கும், உடம்பில் தூசு தெரிவதற்குள் மீன் செத்துவிடலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மீனைப் பாருங்கள். பொன் நிறத்தில் மெல்லிய பொடி மின்னும். மீதி மீன்களை இன்றே வெளியே எடுத்துக் காப்பர் தொடங்குங்கள், இதற்குக் காப்பர் நன்றாகக் கேட்கும். உப்பைக் குறைத்து வைக்கும் வைத்தியம் கேட்காது. குமிழி தெறிக்கும் நீர்த்துளி வழியாகவே இது அடுத்த தொட்டிக்குப் போகும். சிகிச்சைத் தொட்டியைப் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், 3 மீட்டருக்கு மேல் தள்ளியோ வேறு அறையிலோ வையுங்கள்.

கேள்வி: க்ளீனர் இறாலும் யூவி விளக்கும் இருந்தால் போதுமா?

பதில்: போதாது. தோலுக்கு அடியில் இருப்பதை இறாலால் எடுக்க முடியாது. யூவி தன் வழியே போகும் தண்ணீரில் உள்ள குஞ்சுகளைக் கொல்லும், கூட்டத்தைக் குறைக்கும். மணலில் ஒட்டியிருப்பதை ஒன்றும் செய்யாது.

கேள்வி: புது மீனைத் தனித் தொட்டியில் வைக்கப் பழகிவிட்டேன். பவளத்தையும் நத்தையையும் நேராக விடலாம்தானே?

பதில்: பலர் தோற்பது இங்கேதான். கிரிப்டோகாரியானின் ஓடு பவளம் ஒட்டியிருக்கும் கல்லிலும் நத்தை ஓட்டிலும் ஒட்டிக்கொண்டு வரும். பவளத்தை மருந்தில் தோய்ப்பது சில பூச்சிகளைப் போக்கும், இந்த ஓட்டைத் துளைக்காது. அவற்றுக்கும் மீன் இல்லாத ஒரு சிறு தொட்டி, அதே தரிசுக் கணக்கு. மீன் கடையின் தண்ணீரைப் பையோடு சாய்க்காதீர்கள். வலையும் கையும் ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்கு ஈரத்தோடு போகக்கூடாது. நான் தினமும் முதலில் பெரிய தொட்டி வேலையை முடித்துவிட்டு, கடைசியாகத்தான் தனித் தொட்டியில் கை வைக்கிறேன். முழங்கை வரை கழுவித் துடைத்த பிறகும் அன்று மறுபடி பெரிய தொட்டியைத் தொடுவதில்லை.