பிசிராந்தையார் பெயரில் பறவை இல்லை

கேள்வி: பேத்தி பிறந்திருக்கிறாள். பழந்தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்றேன். 'ஆந்தை, காக்கை, சீழ் பிடித்த தலை என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டவர்களிடமிருந்தா எடுக்கப் போகிறீர்கள்?' என்று வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். இரவெல்லாம் விழித்துப் படித்ததால்தான் சங்கப் புலவர் பிசிராந்தையாருக்கு அந்தப் பெயர் வந்தது என்று ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் சொன்னார். நம் முன்னோர் பொருள் பார்க்காமலா பெயர் வைத்தார்கள்?

பதில்: பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கிய அந்த விளக்கத்தை முதலில் தள்ளிவையுங்கள். பிசிராந்தையார் பெயரில் எந்தப் பறவையும் இல்லை. பிசிர் என்பது பாண்டிய நாட்டில் அவருடைய ஊர். ஆந்தை என்பது 'ஆதன் தந்தை' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து சுருங்கிய வடிவம்.

இது நானாக ஊகித்துச் சொல்வதன்று. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறது. ஒருவருடைய இயற்பெயருக்குப் பின்னால் 'தந்தை' என்ற முறைப்பெயர் வந்தால் எப்படிப் புணரும் என்று புள்ளிமயங்கியல் சொல்கிறது. சாத்தன், தந்தை இரண்டும் சேர்ந்தால் சாத்தந்தை. கொற்றன், தந்தை சேர்ந்தால் கொற்றந்தை. அடுத்த நூற்பா, 'ஆதனும் பூதனும் கூறிய இயல்பொடு பெயரொற்று அகரம் துவரக் கெடுமே' என்கிறது. அதாவது இந்த இரண்டு பெயர்களில் மட்டும் இன்னும் கொஞ்சம் உதிர்ந்து, ஆதன் தந்தை 'ஆந்தை' ஆகும், பூதன் தந்தை 'பூந்தை' ஆகும். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளே இவை. இரண்டு பெயர்களுக்காகத் தனி விதி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்தப் பெயர்கள் மக்கள் வாயில் எவ்வளவு புழங்கியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

மகன் பெயரை முன்னால் வைத்துத் தகப்பனை அழைப்பது நமக்கு அந்நியமான பழக்கமும் இல்லை. இன்றைக்கும் பெரியவர் ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தயங்கி 'கண்ணன் அப்பா' என்கிறோம். அரபு மொழியில் 'அபூ' என்று தொடங்கும் பெயர்களும் இந்த வகைதான்.

இதில் 'தந்தை' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பழந்தமிழில் அது எல்லோருடைய அப்பாவுக்கும் பொதுவான சொல் அன்று. என் அப்பா எந்தை, உன் அப்பா நுந்தை, அவன் அப்பா தந்தை. அம்மாவுக்கும் அப்படியே: யாய், ஞாய், தாய். குறுந்தொகை 40-ஆம் பாட்டில் 'யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்' என்று வருவது இந்த வேறுபாட்டோடுதான். எம்பி, நும்பி, தம்பி என்பதும், எங்கை, நுங்கை, தங்கை என்பதும் இதே வாய்பாடு. பிற்காலத்தில் தன்மையும் முன்னிலையும் வழக்கொழிந்து, படர்க்கைச் சொல் மட்டும் எல்லாவற்றுக்கும் நிலைத்துவிட்டது. ஆகவே, ஆதனைப் பெற்றவரைக் குறிக்கத் 'தந்தை' என்ற சொல் வந்ததே அந்தக் கணக்குப்படிதான்.

பிசிராந்தையார் தம் பெயரைத் தாமே சொல்லும் இடமும் உண்டு. புறநானூறு 67-ஆம் பாட்டில் அன்னச் சேவல் ஒன்றை அழைத்துப் பேசுகிறார். நீ குமரித்துறையில் அயிரை மீனை மேய்ந்துவிட்டு வடமலைக்குப் போகிறாய் என்றால், நடுவில் சோழ நாடு வரும். உறையூர் மாடத்தில் சற்று இளைப்பாறு. வாயில்காவலரிடம் நிற்காமல் அரண்மனைக்குள் நுழைந்து, சோழன் கிள்ளியின் காதில் விழும்படி 'இரும்பிசிர் ஆந்தை அடியுறை' (ஆந்தையின் அடிக்கீழ் வாழ்பவன்) என்று மட்டும் சொல். உன் பேடை அணிந்துகொள்ள நல்ல நகை தருவான் என்கிறார். நேரில் பார்த்திராத அந்தக் கிள்ளியிடம், அதாவது கோப்பெருஞ்சோழனிடம், இந்தப் பெயர் ஒன்றே போதும் என்று நம்புகிறார். கேலிப்பெயரைச் சொல்லி அனுப்பும் குரலா இது?

இன்னொரு சான்றும் புறநானூற்றிலேயே இருக்கிறது. 71-ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தன் நண்பர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறான். மாவன், மன்னெயில் ஆந்தை, அந்துவஞ்சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன். ஒரே வரிசையில் ஓர் ஆதனும் வேறோர் ஆந்தையும்! அந்த மன்னெயில் ஆந்தையும் இரவில் விழித்துப் படித்தவர்தானா?

ஆதன் யார் என்று கேட்டால், அவன் எங்கும் இருந்தவன். சேர மன்னர் பெயரான சேரலாதனில் இருக்கிறான். ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றுதான் தொடங்குகின்றன. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்-பிராமி எழுத்தில் குவிரன், ஆதன் என்ற பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அரசனுக்கும் அதே பெயர், தன் பானையில் அடையாளம் கீறிவைத்த வீட்டுக்காரனுக்கும் அதே பெயர். எனக்கு அந்தக் காலத்தின் மேல் மதிப்பு கூடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

அகராதியை மட்டும் புரட்டி முடிவுக்கு வராதீர்கள் என்று வாசகர்களை நான் கெஞ்சிக் கேட்பதற்கும் இந்தப் பெயரே காரணம். ஆதன் என்ற சொல்லுக்கு அகராதியில் 'அறிவில்லாதவன்' என்றும் பொருள் இருக்கும். எந்தச் சேரனும் பிள்ளைக்கு 'மடையன்' என்று பெயர் சூட்டியிருக்க மாட்டான். ஒலி ஒன்றாக இருந்தால் சொல்லும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சீழ்த்தலைக் கதையை ஒரு வரியில் முடித்துவிடலாம். சீத்தலை என்பது ஊர். சீத்தலைச் சாத்தனார் அந்த ஊர்ச் சாத்தனார். பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொண்டார் என்ற கதை பின்னால் கட்டியது. சாத்தன் என்ற பெயரோ கடல் கடந்தது. எகிப்தில் செங்கடல் ஓரத்துக் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த தமிழ்-பிராமிப் பானை ஓடுகளில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்களைப் படித்திருக்கிறார்கள்.

காக்கைபாடினியார் என்ற சங்கப் புலவர் பெயரில் மட்டும் உண்மையிலேயே காக்கை இருக்கிறது. ஆனால் அது பெற்றோர் வைத்த பெயர் அன்று, பாட்டு சம்பாதித்துக் கொடுத்த பெயர். அவருடைய இயற்பெயர் நச்செள்ளை. நக்கீரர், நப்பூதனார், நப்பின்னை ஆகிய பெயர்களில் முன்னால் நிற்கும் அதே 'ந'தான் இதிலும். சிறப்புக் காட்டும் முன்னொட்டு. எஞ்சுவது செள்ளை. பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பதிகத்தில் அந்துவஞ்செள்ளை என்ற அரசியும் இருக்கிறாள். குறுந்தொகை 210-இல் இவர் பாடியது இது: தலைவன் வரவை அறிவித்துக் கரைந்த காக்கைக்கு, வள்ளல் நள்ளியின் காட்டு ஆயர்களுடைய பசுக்கள் தந்த நெய்யோடு, தொண்டியில் விளைந்த வெண்ணெல் சோற்றை ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் அது சிறிதுதான் என்கிறாள் தோழி. இந்த ஒரு பாட்டுக்காக அவரைக் காக்கைபாடினி என்றே அழைத்தார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்பவையும் பாட்டிலிருந்து வந்த பெயர்களே. இயற்பெயர் தெரியாதபோது, தொகுத்தவர்கள் அவரவர் பாட்டின் அழகான தொடரையே பெயராக்கினார்கள். உங்கள் வீட்டார் சிரிப்பது, ஒரு கவிஞருக்குத் தமிழ் தந்த விருதைப் பார்த்து.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பெயர் வைக்கும்போது முன்னோர் பார்த்தது பெரும்பாலும் அகராதிப் பொருளை அன்று, யாருடைய பெயர் என்பதை. 'பேரன்' என்ற சொல்லே பெயரன் என்பதன் மருவு. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தி என்பதும் பெயர்த்தியே. நற்றிணை 40-ஆம் பாட்டில், பரத்தையிடம் போயிருந்த தலைவன், மகன் பிறந்த செய்தி கேட்டு நள்ளிரவில் கள்வனைப் போலத் தன் வீட்டுக்குள் வருகிறான். காரணத்தைக் கடைசி அடி சொல்கிறது: 'சிறந்தோன் பெயரன் பிறந்தமாறே'. தன் தகப்பனின் பெயரை ஏந்தப் போகிறவன் பிறந்துவிட்டான். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று பாட்டு சொல்லவில்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. 'இந்தப் பெயருக்கு வெற்றி என்று பொருள், அந்தப் பெயருக்கு ஒளி என்று பொருள்' என்று பட்டியல் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நாம், யாருடைய பெயர் என்ற கேள்வியைக் கைவிட்டுவிட்டோம். அது எனக்கு வருத்தம்தான்.

பேத்திக்கு நான் சொல்லக்கூடியவை: அள்ளூர் நன்முல்லையாரின் நன்முல்லை. குறமகள் இளவெயினியின் இளவெயினி. எயினன் என்பதற்குப் பெண்பால் எயினி. ஒக்கூர் மாசாத்தியாரின் மாசாத்தி. சாத்தனுக்குப் பெண்பால் சாத்தி, முன்னால் பெருமை குறிக்கும் 'மா'. மூவருமே பாட்டு எழுதிய பெண்கள். அங்கவை, சங்கவை என்பவற்றைச் சங்கப் பெயர் என்று யாராவது சொன்னால், புறநானூறு அவர்களைப் பாரி மகளிர் என்றுதான் குறிக்கிறது, பெயர்கள் பின்னால் வந்தவை என்று தெரிந்துகொண்டு வையுங்கள். இவற்றோடு உங்கள் மனைவியின் பெயரையும் சம்பந்தியம்மாளின் பெயரையும் எழுதி, மகன், மருமகள் முன்னால் வைத்துக் கேளுங்கள்.