பார் ஆன சங்கம்

வணக்கம்.

நியூயார்க்கின் அஸ்டோரியாவில் உள்ள பொஹீமியன் ஹாலுக்கு நண்பர்களோடு போயிருந்தேன். செக் குடியேறிகளின் சங்கம் என்று படித்துவிட்டுப் போனால், மேஜை மேஜையாக இளவட்டம், பியர், ஃபுட்பால் கூச்சல். செக் மொழியில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. சைவமான எனக்குச் சாப்பாடும் அமையவில்லை. பார் ஆக்கியபின் அதில் சங்கம் என்று என்ன மிச்சம்?

கே., நியூஜெர்சி

அன்புள்ள கே.,

பட்டா மிச்சம். இடம் இன்னும் சங்கத்தின் பெயரில்தான் இருக்கிறது. அது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

1892-ல் அதைத் தொடங்கியவர்கள் பியருக்காகத் தொடங்கவில்லை. அன்றைய நியூயார்க்கில் எத்தனையோ செக் குடும்பங்கள் நெரிசலான வாடகை அறைகளில், வீட்டிலேயே சுருட்டுச் சுற்றிப் பிழைத்தன. புகையிலை நெடியில்தான் சமையல், தூக்கம் எல்லாம். சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் அடுப்பு எரியாது. நோய்க்கும் சாவுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கைகொடுக்க வந்தவை இந்த மாதிரி சங்கங்கள். அஸ்டோரியாக்காரர்கள் 1910-ல் நிலம் வாங்கி மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். திறந்தவெளியில் உட்கார்ந்து குடிக்கிற பியர்த் தோட்டம் 1919-ல் வந்தது. அடுத்த ஜனவரியில் நாடு முழுக்க மதுவிலக்கு! நல்ல நேரம் பார்த்தார்கள் போங்கள்.

அப்புறம் 1924 குடியேற்றச் சட்டம். கிழக்கு, தெற்கு ஐரோப்பாவிலிருந்து ஆள் வருவது வெகுவாகக் குறைந்தது. இருந்தவர்களின் பிள்ளைகள் ஆங்கிலம் பேசிக்கொண்டு வேறு பக்கம் போனார்கள். சந்தாவை மட்டும் நம்பினால் ஒழுகும் கூரையைக்கூட அடைக்க முடியாது. மன்ஹாட்டன் 73-ஆம் தெருவில் 1890-களில் எழுந்த பொஹீமியன் நேஷனல் ஹால் இதைவிடக் கம்பீரமான கட்டடம். பராமரிக்க வழியில்லாமல் பாழடைந்து, 2001-ல் ஒரே ஒரு டாலருக்குச் செக் அரசின் கைக்குப் போனது. இன்று அங்கே துணைத் தூதரகம். அழகாகத்தான் புதுப்பித்திருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனாலும் குடியேறிகள் காசு சேர்த்துக் கட்டியது அரசாங்கக் கட்டடம் ஆவதற்கு, உங்கள் ஃபுட்பால் கும்பல் எனக்கு எவ்வளவோ தேவலை. அவர்கள் குடிக்கிற பியரில்தான் கரண்ட் பில் கட்டுகிறது சங்கம். அங்கே ஒரு வார்த்தை செக் கேட்க வேண்டுமானால் கூட்டமில்லாத வேளையில் போங்கள்.

சாப்பாட்டு விஷயம். முட்டை பரவாயில்லை என்றால் பொரித்த சீஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். செக் நாட்டில் மதுக்கடைக்கு மதுக்கடை கிடைப்பது. தடித்த சீஸ் துண்டை மாவு, முட்டை, ரொட்டித்தூள் என்று புரட்டிப் பொரித்து, டார்டர் சாஸோடு தருவார்கள். வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். ஆறினால் ரப்பர்தான்.